பள்ளியிற் பாலியற் கல்வி: சட்டம் சொல்வதும் சொல்லாததும்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையிற் பிறந்தார் எவரும் ஒன்றை அறிவர். பசுவைக் காளைக்கு விடுவதையும் ஆடு குட்டி ஈனுவதையும் குறித்து வீட்டுப் பெரியோர் குழந்தைகள் முன்னிலையிலேயே கூச்சமின்றி உரையாடுவர். திண்ணைகளிலும் களத்துமேட்டிலும் வழங்கிய பாலியற் கதைகளை இடைசெவல் கி. ராஜநாராயணன் திரட்டி, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்னும் பெயரால் வெளியிட்டதைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஆயின் அதே சீமையிற் பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்று தன் உடலைப்பற்றி ஒரு வினா எழுப்புமாயின், பேச்சு உடனே நின்றுவிடும்.

யான் எட்டாம் வகுப்பிற் பயின்றபோது எங்கள் அறிவியற் பாடநூலில் 'வளரிளம் பருவமடைதல்' என்றொரு பாடம் இருந்தது. ஆசிரியர், "இதனை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டார். வீட்டில் யாரிடம் படிப்பது? எம்மூரார் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று வழங்கும் தொழிற்சாலையினின்றும் அந்திக்கு மேல் திரும்பும் தாயாரிடமோ? அப்பாடத்தைக் கடைசி வரிசை மாணவர் தாமே விளக்கிக்கொண்டனர். அவ்விளக்கம் எத்தகையது என்பதை ஈண்டு எழுதுதல் தகாது.

இங்ஙனம் ஒரு பாடத்தை விட்டுச் செல்ல ஆசிரியர்க்கு உரிமை உண்டா? சட்டம் யாது கூறுகின்றது? ஸ்வீடன் தேசத்தில் 1955 முதல் இக்கல்வி கட்டாயம். இங்கிலாந்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி 2020 செப்டம்பர் முதல் உயர்நிலைப் பள்ளிகள் யாவற்றிலும் கட்டாயம். நம் நாட்டிலோ பாலியற் கல்வியைப் பள்ளிகளிற் கட்டாயமாக்கும் பாராளுமன்றச் சட்டம் ஒன்றுமில்லை. 2005-இல் மத்திய அரசாங்கம் வளரிளம் பருவக் கல்வித் திட்டமொன்றைத் தொடங்கியது. 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் அதனை நிறுத்தின. 2009-இல் வெங்கைய நாயுடு தலைமையில் இயங்கிய ராஜ்யசபையின் மனுக் கமிட்டி, பள்ளிகளில் இக்கல்வி வேண்டுவதில்லை என்றே அறிக்கை தந்தது. கற்பித்தால் ஒழுக்கம் கெடும் என்பதே எதிர்ப்போர் வாதம். பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட நெறிமுறையோ, இக்கல்வி இளைஞரை முன்கூட்டி அவ்வழியில் தூண்டுவதில்லை என்று கூறுகின்றது. பெற்றோரின் அச்சத்தை யான் இகழ்ந்தேனல்லேன். ஆயினும் கைத்தொலைபேசி புகாத வீடு எம்மூரில் இல்லாத இந்நாளில், பள்ளி மௌனங் காப்பதனால் பிள்ளை அறியாது இருந்துவிடுவான் என்றெண்ணுதல் பேதைமை.

இனி, 2012-இற் பிறந்த போக்சோ சட்டத்தைக் காண்போம். பதினெட்டு வயது நிரம்பாதார் அனைவரையும் அது குழந்தைகள் என்கின்றது. அதன் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்ததை அறிந்தார் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையும் தானே தெரிவிக்கலாம். எனவே, இச்சட்டம் குழந்தையின் வாய்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்பது. குழந்தைக்கு அச்சொல் எங்கிருந்து வரும்? நன்னூலில் இடக்கரடக்கல் பயின்ற நாம், கூறத்தகாததை மறைத்துக் கூறுதல் அவையோர் பண்பு என்று அறிவோம். ஆயின் தன் உறுப்புக்கு வசைச்சொல் அன்றி வேறு பெயர் அறியாத எட்டு வயதுச் சிறுமி, பெரியப்பா முறையாகும் ஒருவன் செய்ததை எவ்வாறு உரைப்பாள்? "அங்கே" என்பாள், அல்லது வயிற்றுவலி என்பாள். கேட்பவர் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். வசையுமன்றிப் பூடகமுமன்றி உடலுறுப்புக்களைப் பெயரிட்டுச் சொல்லக் கற்பித்தலே இக்கல்வியின் முதற்படி என்பது என் துணிபு.

மற்றொரு வகையினரும் உளர். 2012-க்கு முன் பதினாறாக இருந்த இசைவு வயது அவ்வாண்டு பதினெட்டாயிற்று. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயது இளைஞனும் மனமொத்துக் கூடினும், அவ்விளைஞன் கடுஞ்சிறைக்கு உரியவனாவான். இத்தகைய வழக்கொன்றை 2021-இல் ரத்துச் செய்த சென்னை உயர்நீதிமன்றம், இவ்விளைஞர்களைக் குறித்துக் கவலை தெரிவித்தது. சட்டம் மாறிய செய்தியை அவர்கட்குச் சொல்லியவர் யார்?

2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 3-ஆம் விதி ஈண்டு நோக்கத்தக்கது. குழந்தைகளின் வயதுக்கேற்ற பாடத்திட்டத்தை மத்திய, மாநில அரசாங்கங்கள் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தம்மைக் காத்துக்கொள்ளும் முறைகளும், 1098 என்னும் உதவி எண்ணும் அதில் அமைதல் வேண்டும் என்பது அவ்விதி. ஆயத்தஞ் செய்யச் சொல்லிய விதி, எந்த வகுப்பில், வாரத்தில் எத்தனை நாழிகை, யார் நடத்துவது என்று சொல்லவில்லை. நடத்தாது விட்டார்க்குத் தண்டமும் இல்லை. கேரள உயர்நீதிமன்றம் 2022-இல், பாலியற் கொடுமைத் தடுப்புப் பாடத்தைக் கட்டாயமாக்க உத்தரவிட்டது. அமெரிக்காவில் எரின் மெரின் என்னும் பெண்மணியின் முயற்சியாற் பல மாநிலங்களில் நிறைவேறிய சட்டத்தை அது முன்மாதிரியாகக் கொண்டது. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் 2024 செப்டம்பரிற் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றமும், விரிவான பாலியற் கல்வித் திட்டம் வகுக்க நிபுணர் குழு அமைப்பதை மத்திய அரசாங்கம் கருதுக என்றது. அது யோசனையே; ஆணையன்று.

ஒரு பாடத்தை நீதிமன்றம் கட்டாயமாக்குதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 2016-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பால் பொருட்பால்களில் உள்ள 108 அதிகாரங்களையும் ஆறு முதற் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புக்களிற் பயிற்றுமாறு பணித்தது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் விடுபட்டன. அவற்றைக் கல்லூரிக்கு வந்த பின்னரே முறையாகப் பயின்றேன். கூசத்தக்கது ஒன்றும் கண்டிலேன்.

என் தங்கை இவ்வாண்டு எட்டாம் வகுப்பிற் பயில்கின்றாள். அப்பாடம் அவள் நூலிலும் உள்ளது. விடுமுறைக்கு ஊர் சென்றபோது, நடத்தினார்களா என்று வினவினேன். அடுத்த பாடம் நடக்கின்றது என்றாள்.