காடு ஏறும் முன் ஒரு பாடவேளை

பரமத்தி வேலூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் காவிரி தெரியும். வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் தெரியும். காடு அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் கல்விச் சுற்றுலா என்றதும் கொல்லிமலையின் பெயர் முதலில் வருகிறது. நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் குளிர்ந்த காற்று, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி.

பேருந்து புறப்படும் முன் நாம் வழக்கமாகச் சில அறிவுரைகள் சொல்வோம். “குப்பை போடாதீர்கள், குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், கூட்டத்தை விட்டு விலகாதீர்கள்.” மாணவர்களும் தலையாட்டுவார்கள். ஆனால், காரணம் சொல்லப்படாத விதி ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான் நிற்கும். காரணம் புரிந்த விதி, அந்த மாணவர் பத்து ஆண்டுகள் கழித்து நண்பர்களோடு மலையேறும்போதும் உடன் வரும். அதற்காக ஒரு பாடவேளையை ஒதுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குரங்கணி சொல்லும் பாடம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடி அருகேயுள்ள குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு பகுதியிலிருந்தும் வந்திருந்த மலையேற்றக் குழுவினர் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பலர் நம் வகுப்பறைகளைப் போன்ற வகுப்பறைகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் வெளியே சென்ற இளைஞர்கள்.

இதன் பின்னரே, தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2018-இல் வந்தன. முன் அனுமதி, வரையறுக்கப்பட்ட வழித்தடம், வழிகாட்டி ஆகியவை கட்டாயமாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்ற வழித்தடங்களை இணையவழிப் பதிவுடன் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் அவற்றில் வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர். காட்டுத் தீக் காலம் என்பதால் 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இவ்வழித்தடங்கள் மூடப்பட்டன.

ஏன் அந்த இரண்டு மாதங்கள்? வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. அம்மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் பிப்ரவரிக்குள் காய்ந்துவிடும். இலையுதிர்க் காடுகளில் சருகு தரையை மூடியிருக்கும். கோடை மழை இன்னும் வந்திருக்காது. அந்த நிலையில் அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும்.

மலைச்சரிவில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதை வகுப்பறையிலேயே காட்டலாம். ஆசிரியர் மட்டும், தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல், இரண்டு தீக்குச்சிகளைக் கொளுத்த வேண்டும். ஒன்றின் தலை மேல்நோக்கி இருக்கட்டும். மற்றொன்றின் தலை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மேல்நோக்கிப் பிடித்த குச்சி மெதுவாக எரியும். கீழ்நோக்கிப் பிடித்ததில் சுடர் விரைந்து கைக்கு ஏறும். சூடான காற்று மேலே எழுந்து, இன்னும் எரியாத பகுதியை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதே காரணம். காய்ந்த புல் நிறைந்த மலைச்சரிவும் அந்த இரண்டாவது குச்சியைப் போன்றதுதான். கீழே பற்றிய தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஏறி ஓட முடியாது. “காட்டில் தீ மூட்டாதே” என்ற விதி இப்போது அறிவியல் பாடமாகிவிடுகிறது.

மழை எங்கே, வெள்ளம் எங்கே

அருவியில் குளிக்கத் தடை என்று வனத்துறை அறிவித்தால், “இங்கே வெயில்தானே அடிக்கிறது?” என்று மாணவர்கள் கேட்பார்கள். வேலூர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு விடை சொல்வது எளிது. மேட்டூர் அணையில் உபரி நீர் திறந்தால், நம் ஊரில் ஒரு துளி மழை இல்லாமலேயே காவிரி கரை தொட்டு ஓடுகிறதல்லவா? ஆற்றில் இறங்க வேண்டாம் என்று தண்டோராவும் ஒலிபெருக்கியும் சொல்வதை அவர்கள் கேட்டிருப்பார்கள். ஆகாய கங்கையில் விழும் அய்யாற்று நீரும் அப்படித்தான். மலையின் மேற்பகுதியில் பெய்த மழை சற்று நேரம் கழித்து அருவியில் இறங்கும். காவிரியில் எச்சரிக்க நேரம் இருக்கிறது. மலை ஓடையில் அந்த நேரமும் இல்லை. நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ உடனே வெளியேற வேண்டும் என்பதை மாணவர்கள் மனத்தில் பதிய வைப்போம்.

குரங்கும் பிஸ்கட்டும்

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நின்றால் குரங்குகள் சூழ்ந்துகொள்ளும். பசியோடு வருகிறதே, கொடுத்தால் புண்ணியம்தானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் கையில் உணவு கிடைக்கும் இடத்தில் குரங்கு காட்டுக்குள் தேடிப் போவதில்லை. சாலையிலேயே தங்கி வண்டியில் அடிபடுகிறது. உணவு இல்லாமல் வரும் அடுத்த குழந்தையின் பையைப் பறிக்கிறது, கடிக்கவும் செய்கிறது. காட்டுப் பழங்களைத் தின்று விதைகளைப் பல இடங்களுக்குக் கொண்டுசெல்லும் வேலையும் நின்றுபோகிறது. இரக்கம் என்று நாம் செய்வது அதற்குத் தீங்காகிறது என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவரும் புரிந்துகொள்வார்.

நெகிழிப் பைக்கும் இதே விளக்கம் பொருந்தும். தெருவில் மாடு நெகிழிப் பையைத் தின்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது பையைத் தின்னவில்லை. பையில் ஒட்டிய உப்பையும் சோற்றையும் தேடுகிறது. மானும் அப்படியே. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. எனவே சுற்றுலாவுக்கான மதிய உணவைப் பாத்திரத்திலும் வாழை இலையிலும் கொண்டுசெல்லலாம். வாழைக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமில்லை. உணவு முடிந்ததும் இலையையும் திரட்டி ஊருக்கே எடுத்துவர வேண்டும். மக்கிவிடும் பொருள்தான் என்றாலும், மக்கும் வரை அது விலங்குகளைச் சாலைக்கு அழைக்கும்.

பாட்டுப் பெட்டியை அலறவிடுவதும் கல்லெறிவதும் ஏன் கூடாது? பாறை இடுக்குகளிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும். கல் பட்டாலோ புகை எழுந்தாலோ அவை கூட்டமாகக் கொட்டும். தப்பி ஓட அருவிப் படிக்கட்டில் இடம் இருக்காது.

பொதுக்காடு என்றால் யாருடையது?

“அரசுக் காடுதானே, நம் வரிப்பணம்தானே, ஏன் அனுமதி கேட்க வேண்டும்?” என்று உயர்நிலை வகுப்பு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அடுத்தவர் கொடிக்காலுக்குள் கேட்காமல் யாரும் நுழைவதில்லை; அதற்கு உரியவர் இருக்கிறார். காடு எல்லாருக்கும் உரியது. ஆகவே அதைக் காப்பதற்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு தேவைப்படுகிறது. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் மரம் வெட்டுவதும் குற்றம். சரணாலயங்களில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன்னும் கடுமையானது; விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும்கூட அங்கே தடைசெய்யப்பட்டவை. அனுமதி பெறாமல் காட்டுக்குள் கூடாரம் அடித்து இரவு தங்குவதை ‘சாகசம்’ என்று கைப்பேசியில் பார்க்கும் மாணவருக்கு, அது சட்டப்படி என்ன என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் தேடி வருபவர்களுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

அடுத்து இன்னொரு கேள்வி வரும். “மலைவாழ் மக்கள் தேன் எடுக்கிறார்களே, நாங்கள் ஒரு பூ பறிக்கக் கூடாதா?” கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குக் காடு வாழ்விடம். வன உரிமைச் சட்டம், 2006 சிறுவன மகசூல் சேகரிக்கும் உரிமையை வனவாசிகளுக்கு அளிக்கிறது. நாம் ஒரு நாள் விருந்தாளிகள். ஆளுக்கொரு செடி பறித்தால் ஒரு விடுமுறை நாளில் பாதையோரம் என்ன மிஞ்சும் என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம்.

‘ஏனெனில்’ அட்டை

சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்பு மாணவர்களைக் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஐந்து விதிகளை எழுதட்டும். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு விதியிலும் ‘ஏனெனில்’ என்ற சொல் வர வேண்டும். “பாதையை விட்டு விலக மாட்டோம், ஏனெனில்…” என்று தொடங்கிக் காரணத்தை அவர்களே நிரப்பட்டும். காரணம் எழுத முடியாத விதியை வகுப்பில் விவாதியுங்கள். சூழல் மன்ற மாணவர்கள் அவற்றைத் தொகுத்து ஓர் அட்டையாக்கினால் அதுவே பேருந்தில் உடன் வரும் விதிப்புத்தகம்.

ஆசிரியர் தரப்பில் செய்ய வேண்டியவையும் உண்டு. துறை அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். செல்லும் இடங்களையும் திரும்பும் நேரத்தையும் பள்ளியில் எழுதி வைக்க வேண்டும். அருவி திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். காய்ந்த மாதங்களைத் தவிர்த்துத் தேதியைக் குறிக்க வேண்டும். இறங்கும் இடத்திலும் ஏறும் இடத்திலும் தலை எண்ணிக்கை கட்டாயம்.

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் அந்த அட்டையை மீண்டும் கையில் கொடுங்கள். எந்த விதியைக் கடைப்பிடிப்பது கடினமாக இருந்தது, ஏன் என்று கேளுங்கள். உண்மையான விடைகள் வரும். அடுத்த ஆண்டு செல்லும் வகுப்புக்கு அந்த விடைகளிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.