எந்தத் தளத்தில் தொடங்குவது?

உலாவிவழிச் செயலி என்பது, கணினியில் தனியாக நிறுவவேண்டிய தேவையின்றி, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியில் முகவரியைத் தட்டியதும் திறந்து வேலைசெய்யும் மென்பொருள். ரயில் முன்பதிவும் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் இன்று இவ்வாறே இயங்குகின்றன. அத்தகைய செயலியை முழுமையாகக் கட்டி முடிப்பதற்கு முன், அது பயன்படுமா, பயனர்களுக்குப் பிடிபடுமா என்று அறிவதற்காக விரைந்து செய்து பார்க்கும் அரைகுறை வடிவமே முன்மாதிரி. அதை எழுதுவதற்கான நிரல்மொழி, அதனுடன் வரும் ஆயத்தக் கருவிகள், தரவைச் சேமிக்கும் இடம், செயலியை ஏற்றிவைக்கும் சர்வர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததை மேம்பாட்டுத் தளம் என்பர். எந்தத் தளம் வேகமானது என்பதே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும், தளம் கேட்காமலே கொடுத்த வசதிகளுள் எவற்றை அதைவிட்டு வெளியேறும் நாளில் உடன் எடுத்துச்செல்ல முடியும் என்பதே கூடுதலாக ஆராயத்தக்கது.

உலாவியின் பிறப்பே இதற்குச் சான்று. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் முதல் உலாவியை எழுதியபோது, ஆப்பிளைவிட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய நிறுவனத்தின் நெக்ஸ்ட் கணினியைப் பயன்படுத்தினார். சாளரங்களையும் பொத்தான்களையும் மவுஸால் இழுத்து வைத்தே திரையை அமைக்கும் கருவி அதில் இருந்தது; உரையைக் காட்டவும் திருத்தவும் வல்ல ஆயத்த உறுப்பொன்றும் உடன் கிடைத்தது. பிற கணினிகளில் ஏறத்தாழ ஓராண்டு பிடித்திருக்கக்கூடிய பணியை அதில் இரண்டொரு மாதங்களில் முடிக்க முடிந்ததென்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அந்த உலாவி பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி, படித்துக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் திருத்துவதற்கும் உரியதாக இருந்தது. அந்தத் திறமையில் பெரும்பங்கு நெக்ஸ்டின் ஆயத்த உறுப்பு தந்த கொடை.

அக்கொடைக்கு விலையும் இருந்தது. நெக்ஸ்ட் கணினி விலை மிகுந்தது என்பதால் அதை வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆகவே செர்னில் பயிற்சிக்கு வந்திருந்த கணித மாணவி நிக்கோலா பெலோ, எந்த எளிய முனையத்திலும் இயங்கத்தக்க வேறோர் உலாவியை எழுதினார். வரிவரியாக உரையை மட்டும் காட்டிய அதில் திருத்தும் வசதிக்கு இடமில்லை. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மையமொன்றிலிருந்து வெளிவந்து வலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த மொசைக் உலாவியும் அதைத் தரவில்லை. வாசகரே பக்கத்தைத் திருத்தலாம் என்ற எண்ணம், 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை உருவாக்கியபோதுதான், அதுவும் சர்வரின் வழியாக, மீண்டும் பரவலாகத் தலைதூக்கியது. பெர்னர்ஸ்-லீ தளத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்று இதிலிருந்து கொள்வது நியாயமன்று. நெக்ஸ்ட் இல்லாவிடில் காட்டுவதற்கே ஒன்றும் இருந்திராது. தளம் எளிதாகத் தந்த வசதியே வேறு தளத்துக்கு எடுத்துச்செல்ல மிகக் கடினமானதாக அமைந்தது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

இன்று தேர்வுகள் மிகுந்துவிட்டன. எனினும் முன்மாதிரி எந்தக் கேள்விக்கு விடைதேடுகிறது என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் பட்டியல் விரைவில் சுருங்கிவிடும். திரை புரிகிறதா, எந்தப் பொத்தானில் பயனர் தடுமாறுகிறார் என்பதே கேள்வியானால், சர்வரே தேவையில்லை. உலாவி நேரடியாகப் புரிந்துகொள்ளும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும், உலாவிக்குள்ளேயே கிடைக்கும் ஏறத்தாழ 5 மெகாபைட் சேமிப்பிடமும் போதும். ஆனால் ஆப்பிளின் சஃபாரி உலாவி, பயனர் 7 நாள் எட்டிப்பார்க்காத இணையதளத்தின் இத்தகைய சேமிப்பை 2020 முதல் அழித்துவிடுகிறது என்பதால், சோதனை வாரக்கணக்கில் நீளுமானால் இந்த வழி கைகொடுக்காது.

பலர் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய செயலிக்குச் சர்வர் தேவைப்படும். சிற்றூர் நூலகம் ஒன்றின் இரவல் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நூல், உறுப்பினர், இரவல் என்னும் மூன்றின் அமைப்பையும் பைத்தான் மொழியில் சில வரிகளில் விவரித்துவிட்டால், ஜாங்கோ என்னும் சட்டகம், அதாவது அடிப்படை வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் நிரல் தொகுப்பு, அவற்றைச் சேர்க்கவும் திருத்தவும் தேடவும் உரிய நிர்வாகத் திரைகளைத் தானே உருவாக்கிக் கொடுத்துவிடும். கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகர நாளிதழ் அலுவலகத்தில், செய்தி நெருக்கடியின் நடுவே உருவாகி 2005இல் வெளியிடப்பட்டது என்பது அதன் அவசர குணத்துக்கு நல்ல விளக்கம். மாறாக, கூகுளின் ஃபயர்பேஸ் போன்ற சேவைகளில் சர்வர் நிரல் எழுதாமலே உள்நுழைவு வசதியும், ஒருவர் செய்த மாற்றம் மற்றவர் திரையில் உடனே தெரியும் வசதியும் கிடைக்கின்றன. அரட்டைச் செயலிக்கு அது வரப்பிரசாதம். நூலகத்துக்கோ, கெடு கடந்த நூல்களை வைத்திருப்போரின் தொலைபேசி எண்களைக் கேட்கும்போது, அட்டவணைகளாக அமைந்த தரவுத்தளம் ஒரே வினவலில் தந்துவிடும் விடைக்கு, ஆவணங்களாகச் சேமிக்கும் அத்தகைய முறையில் ஒரே தகவலைப் பல இடங்களில் எழுதிவைக்க வேண்டிய நிலை வரும்.

ஃபயர்பேஸ் போன்ற வாடகைச் சேவையில் இன்னோர் இடரும் உண்டு. இதே வகையில் பெயர்பெற்றிருந்த பார்ஸ் சேவையை 2013இல் வாங்கிய ஃபேஸ்புக், 2016 ஜனவரியில் அதை மூடப்போவதாக அறிவித்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் மூடிவிட்டது. அதன் சர்வர் நிரல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால் பல செயலிகள் பிழைத்தன. எல்லா நிறுவனமும் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆதலால், சேமித்த தரவு முழுவதையும் வெளியே எடுத்து வேறோர் இடத்தில் திறந்து பார்க்கும் சோதனையை முதல் வாரத்திலேயே செய்துவிடுவது உத்தமம்.

இதற்கு நேர்மாறாக, தேவையின்றிப் பெரிதுபடுத்தப்படும் அச்சமும் ஒன்றுண்டு: நாளை லட்சக்கணக்கானோர் வந்தால் இந்தத் தளம் தாங்குமா என்பது. ட்விட்டர் 2006இல் ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டகத்தில்தான் தொடங்கியது. பயனர் பெருகியபோது அது அடிக்கடி முடங்கி, திமிங்கலப் படம் தாங்கிய பிழைப்பக்கம் உலகப் புகழ் பெற்றதும், பின்னர் அதன் பின்புலப் பகுதிகள் ஒவ்வொன்றாக ஜாவா, ஸ்காலா மொழிகளுக்கு மாற்றி எழுதப்பட்டதும் உண்மை. ஆனால் அந்த நெரிசல், முன்மாதிரி வென்றதால் வந்த நெரிசல். இன்னும் பத்துப் பேர்கூடத் தொட்டுப் பார்க்காத செயலிக்காக அத்தகைய ஏற்பாடுகளில் மாதங்களைக் கழிப்பது வீண் செலவே.

குழுவினருக்குப் பழகிய மொழியே முன்மாதிரிக்கு உகந்தது என்ற பழைய அறிவுரையை, நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஓரளவு தளர்த்தியிருக்கின்றன. எனினும் அவை எழுதியதில் பிழை நேரும்போது படித்துத் திருத்தும் பொறுப்பு மனிதரிடமே வந்துசேர்வதால், அறவே தெரியாத தளத்தை நாடுவது இன்னமும் துணிச்சலான காரியமே.

தமிழில் இயங்கவேண்டிய செயலிக்குத் தளத் தேர்விலேயே செய்து பார்க்கவேண்டிய சோதனைகள் சில உள்ளன. ‘தமிழ்’ என்பதில் கண்ணுக்குத் தெரிவன 3 எழுத்துகள். யூனிகோடு முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால், ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை 5 என்று கணக்கிடும். பிஎச்பி மொழியின் வழக்கமான நீளக் கட்டளையோ பைட்டுகளை எண்ணி 15 என்று விடைதரும். பெயருக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கும் படிவத்தில் இந்த வேறுபாடு உடனே வெளிப்படும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் இருந்தும், 2024இல் ஃபயர்ஃபாக்ஸ் அதை ஏற்ற பின்னரே முக்கிய உலாவிகள் அனைத்திலும் அதை நம்பிப் பயன்படுத்த முடிந்தது. அகரவரிசையும் அப்படியே: வெறும் குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால், நூலகத்தின் உறுப்பினர் பட்டியலில் ஜெயந்தி, சரவணனுக்கும் ஞானத்துக்கும் நடுவில் வந்து நிற்பார், சொற்களில் னகரம் பகரத்தை முந்திக்கொள்ளும். தமிழ் அகராதி வரிசையை உலாவியில் ஒரே கட்டளையில் பெறலாம்; தரவுத்தளத்தில் அது எந்த வரிசைமுறையைத் தேர்ந்து அமைத்தோம் என்பதைப் பொறுத்தது என்பதால், பத்துப் பெயர்களை உள்ளிட்டு அடுக்கச்சொல்லிப் பார்த்தபின் தளத்தை உறுதிசெய்வது நல்லது.