கொடுமணல் வெண்கலப் புலியும் உரோமானிய விலங்குரு ஊசிகளும்

கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் உரோமப் பேரரசின் வடமேற்கு மாநிலங்களான பிரித்தானியா, கோல், ரைன் ஆற்றுப் பகுதி ஆகியவற்றில் மேலாடையைப் பிணைக்கும் ஊசிகள் குதிரை, முயல், நாய், கோழி, மீன் ஆகிய வடிவங்களில் வார்க்கப்பட்டன. வெண்கல உருவின் மேற்பரப்பில் சிறு குழிகள் அமைத்து, அவற்றில் வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் உருக்கிப் படியச் செய்வர். இதுவே எனாமல் தொழில். கடலோர அயலார் காய்ச்சிய வெண்கலத்தில் வண்ணம் ஊற்றுவர் எனக் கிரேக்க எழுத்தாளர் பிலோசுடிராட்டசு குறிப்பதும் இதனையே எனலாம்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் வெண்கலப் புலி ஒன்று வெளிப்பட்டது. அதன் உடலில் சூதுபவளமும் நீலக்கல்லும் பதிக்கப்பட்டுள்ளன. விலங்குரு, வெண்கலம், வண்ணம் என்னும் மூன்றும் இங்கும் ஒருங்கே அமைகின்றன. கரூர், வெள்ளலூர், கத்தாங்கண்ணி ஆகிய கொங்குநாட்டு ஊர்களில் உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளமையால், இப்புலியையும் உரோமச் செல்வாக்கின் விளைவு எனக் கருத இடமுண்டு. ஆயின் காசு வந்த வழியிலேயே கலையும் வந்தது என்பது எளிய முடிவு. செய்முறை அதற்கு இடந்தரவில்லை.

எனாமலில் வண்ணம் நெருப்பில் பிறக்கிறது. கொடுமணலிலோ, வண்ணம் கல்லிலேயே உள்ளது. வார்த்த உலோகத்தின் குழிக்கு ஏற்பக் கல்லை அறுத்துத் தேய்த்துப் பொருத்துதல் வேண்டும். மோசு அளவையில் சூதுபவளத்தின் கடினம் 7. நீலக்கல்லின் கடினம் 9. நீலக்கல்லைத் தேய்க்க அதன் இனமான குருந்தத்தின் தூளோ வைரமோதான் உதவும். வார்ப்புக் கொல்லரும் மணி அறுப்போரும் இணைந்து செய்யவேண்டிய பணி இது.

தமிழகத்தார் கண்ணாடித் தொழில் அறியாதவர் அல்லர். அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. கொடுமணலார் கல்லைத் தேர்ந்தமைக்கு நிலவளமே காரணம் எனல் பொருந்தும். சிவன்மலையில் நீலக்கல், படியூரில் பெரில், நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் எனக் கொங்குநாடு மணிக்கல் வளம் மிக்கது. இக்கனிமத்தின் ஆங்கிலப் பெயரும் 'குருந்தம்' என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து சென்றதே. பதிற்றுப்பத்து கொடுமணத்தை அணிகலன்களோடு சேர்த்துப் பேசுவதும், மணி செய்தலின் பல படிநிலைக் கற்கள் அவ்வூர் மண்ணில் கிடைத்தமையும், வெண்கலப் புலியை உள்ளூர்ப் பட்டறையின் ஆக்கமாகவே காட்டுகின்றன.