தரவுத்தள இணைப்புத் தொகுப்பு

தரவுத்தள இணைப்புத் தொகுப்பு என்பது, வலைச்செயலி ஒன்று தரவுத்தளத்துடன் ஏற்படுத்திய இணைப்புகளை மூடிவிடாமல் வைத்திருந்து, அடுத்தடுத்து வரும் வேண்டுகோள்களுக்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். நிரலாளர்கள் இதனைக் கனெக்சன் பூல் என்பர். நூலகப் புத்தகத்தைப் போல, எடுத்தவர் திருப்பித் தந்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

தேவை

புதிய இணைப்பைத் திறப்பது செலவு மிக்க வேலை. இரு கணினிகளும் முதலில் மூன்று செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பிறகு மறையாக்க உடன்பாடு, கடவுச்சொல் சரிபார்ப்பு ஆகியவை நடைபெறுகின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை ஒன்றைத் தொடங்குகிறது. எளிய கேள்விக்கு விடை தேடும் நேரத்தைவிட, கேட்பதற்கான ஆயத்தத்துக்கே கூடுதல் நேரம் ஆகிவிடலாம்.

அளவு

ஜாவா மொழிக்கான இக்காரி தொகுப்பின் இயல்பான உச்ச அளவு 10 இணைப்புகள். பத்தும் வேலையில் இருந்தால் அடுத்த வேண்டுகோள் 30 நொடிகள் வரை காத்திருக்கும். பிறகு பிழைச்செய்தி வரும். தொகுப்பு பெரிதானால் வேகமும் கூடும் என்று எண்ணுவது பொதுவான தவறு. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையே ஏற்கும். வலைச்செயலி 12 வழங்கிகளில் இயங்கி, ஒவ்வொன்றும் 10 இணைப்புகளைக் கோரினால் மொத்தம் 120 ஆகிவிடும்.

திருப்பித் தருதல்

இம்முறையின் சிக்கல்கள் பெரும்பாலும் இங்குதான் எழுகின்றன. இடையில் பிழை நேர்ந்து, நிரல் இணைப்பைத் திருப்பித் தராமல் வெளியேறினால் தொகுப்பில் ஓர் இணைப்பு குறையும். பத்து முறை இவ்வாறு நேர்ந்தால் தளம் முழுவதும் நின்றுவிடும். தரவுத்தளமோ வேலையின்றிச் சும்மா இருக்கும். எனவே, பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் இணைப்பு திரும்பும்படி நிரல் எழுதுவது கட்டாயம்.

அதனினும் ஆபத்தானது, இணைப்பைத் தூய்மை செய்யாமல் திருப்பித் தருவது. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடி சேவை இக்காரணத்தால் நிறுத்தப்பட்டது. அச்சேவை ரெடிஸ் தரவுக்கிடங்குடன் பேசப் பயன்படுத்திய திறமூல நிரலகத்தில் வழு இருந்தது. ஒருவரின் வேண்டுகோள் அனுப்பப்பட்டு, விடை வருமுன் கைவிடப்பட்டபோது, இணைப்பு அப்படியே தொகுப்புக்குத் திரும்பியது. அதை அடுத்துப் பெற்றவருக்கு முன்னவரின் விடை சென்றது. சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. குறிப்பிட்ட 9 மணிநேரத்தில் சேவையைப் பயன்படுத்திய கட்டணப் பயனர்களுள் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, கடன் அட்டையின் கடைசி 4 இலக்கங்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று ஓப்பன்ஏஐ நிறுவனம் அறிவித்தது. பாதியில் கைவிடப்பட்ட இணைப்பைத் தொகுப்பில் சேர்க்காமல் மூடிவிடுவதே இதற்குரிய வழி. புதிதாக ஒன்றைத் திறக்கும் செலவு இங்கு பொருட்டல்ல.