பறவைகள் கொடுக்கும் குடிக்கூலி

புதுச்சேரியிலிருந்து தெற்கே போனால் பாகூர். பாகூரைத் தாண்டித் தென்பெண்ணையாற்றுப் பக்கம் போனால் குருவிநத்தம் என்று ஓர் ஊர். நத்தம் என்றால் ஜனங்கள் குடியிருக்கும் இடம். ஆகவே, குருவியும் குடித்தனமும் ஒரே பெயருக்குள் ஒண்டிக் கொண்டிருக்கும் ஊர் என்று வைத்துக் கொள்ளலாம். பண்டிதர்கள் வேறு பொருள் சொன்னால் சொல்லிக் கொள்ளட்டும். ஏரியும் வயலும் பட்சிகளுமாக இருக்கும் அந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்த நெல்லுக்கெல்லாம் தாய், பாகூர் ஏரி. புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரிய ஏரி இதுதான். வானத்தை மட்டும் நம்பியிருக்கும் ஏரியும் அல்ல. சொர்ணாவூர் அணையிலே தென்பெண்ணைத் தண்ணீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து ஏரியில் சேர்க்கிறார்கள்.

அந்த வாய்க்காலுக்கு ஒரு கதை உண்டு. சிங்காரி, பங்காரி என்று அக்காள் தங்கை இருவர், தேவதாசிகள். ஆடிப்பாடிச் சேர்த்த பொருளைத் தண்ணீருக்காகவே செலவழித்தார்களாம். கதைதானே என்று தள்ளிவிடலாம். ஆனால் பங்காரு என்றால் தெலுங்கில் பொன். கழுத்தில் போட வேண்டிய பொன்னை மண்ணில் போட்டுத் தண்ணீராக எடுத்தாள் ஒருத்தி என்று ஊர் நம்புகிறதே, அந்த நம்பிக்கை அழகாக இல்லையா?

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஏரிகளைக் கவனிக்க விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. பாசனக்காரர்களின் பொது நிதியிலிருந்து கரைக்கும் மதகுக்கும் செலவு செய்தார்கள். 1954-இல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. பிற்பாடு ஏரிகளின் பொறுப்பு சர்க்கார் இலாகாவுக்குப் போயிற்று. 'நம்முடைய ஏரி' என்பது 'சர்க்கார் ஏரி' ஆயிற்று. போதாக்குறைக்கு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. பொத்தானை அமுக்கினால் தண்ணீர் என்று ஆன பிறகு, வெயிலில் போய் வாய்க்காலில் தூர் எடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் பூமித்தாயின் பெட்டகம் அடியில்லாதது அல்ல. உறிஞ்ச உறிஞ்ச நிலத்தடி நீர் கீழே இறங்கியது. கிழக்கே வங்கக் கடல் காத்துக் கொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் விட்டுக் கொடுத்த இடத்தில் உப்புத் தண்ணீர் நுழைய ஆரம்பித்தது. குழம்பில் உப்பு அதிகமானால் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சமாளிப்போம். கிணற்றுத் தண்ணீரே கரித்தால் எதை விடுவது? ஏரி நிறைந்திருந்தால்தான் நிலத்துக்குள் நல்ல தண்ணீர் இறங்கும். உள்ளே வரும் உப்பை எதிர்த்து நிற்கும். ஏரியைக் காப்பது கிணற்றைக் காப்பது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

1999-இல் ஐரோப்பிய யூனியன் பண உதவியுடன் புதுச்சேரி வட்டாரத்து 84 ஏரிகளைச் சீர்படுத்தும் திட்டம் தொடங்கியது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது பணம் அல்ல. ஏரிக்கு ஏரி ஊரார் சங்கம் அமைத்தார்கள்; நிலமுள்ளவர்களோடு நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆடு மாடு குளிப்பாட்டுகிறவரும் துணி வெளுக்கிறவரும் புல் அறுக்கிறவளும் ஏரிக்கு உரியவர்கள்தானே?

சங்கம் என்றால் சண்டையும் உண்டு. கதிர் முற்றும் வரை மதகைச் சிக்கனமாகத் திறக்க வேண்டும் என்பார் விவசாயி. தண்ணீரைச் சீக்கிரம் வடித்தால்தான் மீன் பிடிக்கலாம் என்பார் மீன் குத்தகைக்காரர். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் கூட்டத்துக்கு வராத மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் யாரிடம் போய் மனுக் கொடுக்கும்?

இந்த வழக்கை வெகு காலத்துக்கு முன்பே தீர்த்து வைத்த ஊர் வடக்கே, மதுராந்தகத்துக்கு அருகில் இருக்கிறது. வேடந்தாங்கலைத்தான் சொல்கிறேன். அங்கே ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கொக்கும் நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. ஒரு சமயம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவற்றைச் சுட ஆரம்பித்தார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலமாகக் கொடுத்தார். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக் கொண்டார்கள்!

இது வெறும் ஜீவகாருண்யம் என்று நினைக்க வேண்டாம். விவசாயிக்குக் கணக்குத் தெரியும். பறவைகள் இரவும் பகலும் எச்சமிடுகின்றன. அது தண்ணீரில் கரைந்து, மதகு வழியாக வயலுக்குப் போகிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் உரம்! மரத்தில் குடியிருப்பதற்குப் பறவைகள் கொடுக்கும் குடிக்கூலி என்று சொல்லலாம். சொல்லப் போனால், நம் பட்டணத்துக் குடித்தனக்காரர்களைவிட ஒழுங்காகவே கொடுத்து வருகின்றன.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். பட்டாசு கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

புதுச்சேரியிலும் 2008-இல் ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் இருப்பதால், இரு சர்க்கார்களும் ஒத்துப் போக வேண்டியிருக்கிறது.

விருந்தாளிப் பறவைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் பாகூர்ப் பக்கம் போகலாம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். குழந்தைகளுக்குப் பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். கட்டுச் சாதம் கொண்டு போனால், பொட்டலக் காகிதத்தை மறக்காமல் திரும்ப எடுத்து வாருங்கள்.