அளந்து பார்த்தால் தெரியும் சாதி

“இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?” என்ற கேள்வியை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். வேலை கிடைக்காவிட்டால் தகுதி போதவில்லை என்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் உழைப்பு போதவில்லை என்கிறார்கள். தனக்கு நேர்ந்தது சாதியால்தான் என்று பாதிக்கப்பட்டவர் தனியொருவராக நிறுவுவது அரிது. கதவை மூடியவர் காரணத்தைச் சொல்லப்போவதில்லை. இங்கேதான் சமூக அறிவியல் ஆய்வு நமக்குப் பயன்படுகிறது.

முதலில், நேரடியாகவே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று. 2011–12இல் நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. தங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுவதாகவோ, தலித் ஒருவர் சமையலறைக்குள் வருவதை ஏற்கமாட்டோம் என்றோ ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் கூறினர். இது வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு மட்டுமே.

வாய்விட்டுச் சொல்லாதவர்களை எப்படி அளப்பது? பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழி காட்டியது. நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதிகள் ஒன்றே, பெயர்கள் மட்டும் வேறு. ஆதிக்க சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67ஆக இருந்தது, முஸ்லிம் பெயருக்கு 0.33தான். நேர்காணல் அறைக்குள் யாரும் நுழைவதற்கு முன்பே, முகத்தைக்கூடப் பார்க்காமல் நிகழ்ந்த புறக்கணிப்பு இது.

இதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்களை நேரில் கண்டு பேசினர். திறமையை மட்டுமே பார்ப்பதாக அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யையும் விசாரிப்பதாகச் சொன்னார்கள். சாதி என்ற சொல் மறைந்துவிட்டது. அது செய்த வேலையை வேறொரு சொல் செய்கிறது.

திறமை என்பதையே சாதி எவ்வாறு குலைக்கிறது என்பதை இன்னோர் ஆய்வு காட்டியது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் 642 பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்வழிகளைத் தீர்க்கும் போட்டி நடத்தினர். பாதிப்பேர் தலித் சிறுவர்கள். மறுபாதி ஆதிக்க சாதியினர். சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தன. ஒவ்வொருவரின் பெயரோடும் தந்தை பெயரோடும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தபோது, தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அவர்களின் அறிவு மாறவில்லை. தாம் எப்படிப் பார்க்கப்படுகிறோம் என்பதை உணர்ந்த நொடியில் கை தயங்கியது. அந்தத் தயக்கத்தைத்தான் உலகம் ‘தகுதிக் குறைவு’ என்று பதிவு செய்துகொள்கிறது.

நமது வகுப்பறைகளுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது என்று அக்குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை பரிந்துரைத்தது. இவற்றைச் சிறு நிர்வாகத் திருத்தங்கள் என்று கருதுவோர் ஹர்தோய் ஆய்வைப் படிக்க வேண்டும். வகுப்பில் ஒரு குழந்தையின் சாதியை உரக்கச் சொல்வதற்கு அந்தக் குழந்தையின் மதிப்பெண்ணே விலையாகிறது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதில்லை என்பது நமக்குப் பெருமை. ஆகவே இங்கே பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பம் அனுப்பினால் பாகுபாடு முழுமையாகப் பிடிபடாது. “எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?” என்ற கேள்விகளின் வழியேதான் இங்கே சாதி விசாரிக்கப்படுகிறது. வேலை தருபவர், வாடகைக்கு வீடு தருபவர் எனப் பலரும் கேட்கும் இக்கேள்விகளின் விளைவை அளக்கும் ஆய்வுகள் நமக்கு வேண்டும். தனியார் நிறுவனங்கள் தம் பணியாளர்களின் சமூக விவரங்களை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையும் இதிலிருந்தே எழுகிறது. அளக்க மறுக்கப்படும் அநீதி, ஒவ்வொருவரின் தனிப்பட்ட துரதிர்ஷ்டமாகவே எண்ணப்படும். அளக்கப்பட்ட அநீதிக்கு அரசும் நிறுவனங்களும் பதில் சொல்லியாக வேண்டும்.