பள்ளியில் படிக்கும் குப்பைப் பாடமும் நம் கடையும்



பள்ளி விட்டு வரும் வழியில் நம் கடை முன் நின்ற ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நோட்டைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, சிப்ஸைத் தின்ன பிறகு இந்தக் கவர் எங்கே போகும்? டீச்சர் கடையிலே கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். அரிசி வந்த சாக்கு எங்கே போகும், சோப்பு வந்த அட்டைப்பெட்டி எங்கே போகும், எண்ணெய் வந்த டின் எங்கே போகும் என்று கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்போம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. "குப்பை வண்டிக்குப் போகும் பாப்பா" என்று சொல்லி அனுப்பினோம். அவளும் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு அப்புறம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கடையைச் சாத்திய பிறகு நமக்குத்தான் அந்தக் கேள்வி மனத்தில் நின்றது.

பள்ளிகளில் இப்பாடம் புதிதாக வந்ததன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே, சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. பத்தாண்டு கழித்து மத்திய அரசின் தேசிய பசுமைப் படைத் திட்டம் வந்து, பல பள்ளிகளில் சூழல் மன்றங்கள் தொடங்கப்பட்டன. தமிழகத்தில் 1-1-2019 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்ததும், 23-12-2021 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டதும் நம் உறுப்பினர்கள் அறிந்ததே. அதன் தொடர்ச்சியாக அரசு அறிவித்த மஞ்சப்பை விருதுகள் பள்ளிக்கும் உண்டு, கல்லூரிக்கும் உண்டு, வணிக வளாகத்துக்கும் உண்டு. முதல் பரிசு ரூ. 10 இலட்சம். பள்ளியையும் கடையையும் ஒரே வரிசையில் நிறுத்தியவர் யாரோ, விஷயம் தெரிந்தவர்தான்.

ஏனெனில் குப்பையைப் பற்றி ஆசிரியரைவிட நமக்கு அதிகம் தெரியும். இது பெருமைக்காகச் சொல்வதல்ல. பழைய சாக்கை உதறி, கிழிசல் வேறு நல்லது வேறாக அடுக்கி விற்பவர்கள் நாம். அட்டைப்பெட்டி நனைந்திருந்தால் பழைய பேப்பர்காரர் எடையில் கழிப்பார் என்று தெரிந்து, மழை வருமுன் உள்ளே எடுத்து வைப்பவர்கள் நாம். கொட்டை எடுத்த புளிக்கு ஒரு விலை, கொட்டைப் புளிக்கு ஒரு விலை. சிவந்த மிளகாய் வற்றலில் வெள்ளை வற்றல் கலந்துவிட்டால் மூட்டை முழுவதற்கும் விலை இறங்குகிறது. குப்பையைப் பிரி, ஈரம் வேறு உலர்ந்தது வேறாகக் கொடு என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொன்னதும் இதைத்தான். சோறும் குழம்பும் பட்ட காகிதத்தை எந்த ஆலையும் வாங்காது. அதே காகிதம் தனியாக இருந்தால் சரக்கு.

பள்ளியில் இது 'நல்ல பழக்கம்' என்று சொல்லிக்கொடுக்கப்படுகிறது. விலை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் விளங்கும் என்பது நம் எண்ணம்.

கேரி பேக் கனத்தை எடுத்துக்கொள்வோம். 1999-இல் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 என்று மத்திய அரசு கனத்தை ஏற்றிக்கொண்டே வந்தது. (தமிழகத்தில் 2019 முதல் எந்தக் கனத்துக் கேரி பேக்கும் கூடாது.) மைக்ரான் கணக்கை வைத்து நம்மை அலைக்கழிக்கிறார்களே என்று நம்மில் பலர் சலித்துக்கொண்டதுண்டு. அதற்குள் இருப்பது ஒரு கூலிக் கணக்கு. இரண்டு கிராம் எடையுள்ள பை என்றால் ஒரு கிலோ சேர 500 பை பொறுக்க வேண்டும். தெருவில் குனிந்து குனிந்து 500 முறை எடுத்து, மண் தட்டி, அதற்குக் கிடைக்கும் காசு ஒரு டீக்கும் வடைக்கும் போதுமா? எனவே பொறுக்குபவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பையை விட்டுவிடுகிறார். விட்டது சாக்கடைக்குப் போகிறது. கனமான பை என்றால் எடை சீக்கிரம் தேறும், ஆள் எடுப்பார். கடைத் தராசில் நான்கு மெல்லிய கவரையும் ஒரு பாட்டிலையும் வைத்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும்.

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். சிப்ஸ் கவரும் ஷாம்பு சாஷேயும் பார்க்க ஒரே தாள் போலிருந்தாலும், உள்ளே அடுக்கடுக்காக ஒட்டப்பட்டவை. மேலே அச்சுப் பிடிக்கும் பிளாஸ்டிக், நடுவில் காற்றும் ஈரமும் புகாமல் அலுமினியம், உள்ளே சூட்டில் ஒட்டும் வேறொரு பிளாஸ்டிக். முறுக்கு நமத்துப் போகாமல் மாதக்கணக்கில் இருப்பது இந்த அடுக்கினால்தான். ஆனால் ஒட்டியதைப் பிரித்து மறுபடி உருக்குவதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் பொருளைவிட அதிகம். அதனால் பழைய இரும்புக் கடையில் இதற்கு விலையே கிடையாது. யாராவது சேர்த்துக் கொடுத்தால் சிமெண்ட் ஆலைக்குப் போய் நிலக்கரியோடு சேர்ந்து எரியும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளில் மலையாகக் கிடந்ததைத் தோண்டிச் சலித்தபோது கிடைத்த பிளாஸ்டிக்கும் இப்படி எரிபொருளாகத்தான் அனுப்பப்பட்டது. சேர்த்துக் கொடுக்க ஆளில்லாவிட்டால் தெரு, சாக்கடை, குளம். அவளுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

சாஷேயைக் குறை சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அது நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணனின் யோசனை. கூலிக்காரர் வீட்டிலும் ஷாம்பு வாங்க முடியும் என்று காட்டியது அது. வாசலில் சரம் சரமாகத் தொங்கவிட்டு நாமும் பிழைத்தோம். ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் பாட்டில் வாங்கக் கையில் காசில்லாதவரிடம் போய் சாஷே வாங்காதே என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. கவரைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. 2022-இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். அபராத ரசீது மட்டும் நம் கல்லாவைத் தேடி வருகிறது, கவர் அச்சடித்த கம்பெனியை யாரும் கேட்பதில்லை என்ற வருத்தம் நம் கூட்டங்களில் பல முறை பேசப்பட்டதுதான். கம்பெனி ஆள் ஆர்டர் எடுக்க வரும்போது, காலிக் கவரை எடுக்க உங்கள் ஏற்பாடு என்ன என்று பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் அது மேலே போகும். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்.

பள்ளிகளின் பக்கமும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். கண்காட்சி வருகிறதென்றால் முந்தின நாள் மாலை நம் ஊர்க் கடைகளில் கூட்டம் தாங்காது. தெர்மாகோல், வண்ணத் தாள், பேப்பர் தட்டு, ஐஸ் குச்சி, எல்லாம் புதிதாக. எதற்கு என்று கேட்டால், 'குப்பையைக் குறைப்போம்' என்ற தலைப்பில் மாதிரி செய்ய வேண்டுமாம்! இரண்டு நாளில் அதுவும் குப்பை. வியாபாரிக்கு இலாபம்தான், வேண்டாமென்று சொல்வானேன். ஆனால் பாட்டிலை வெட்டிப் பேனா ஸ்டாண்டு செய்வதே மறுசுழற்சி என்று பிள்ளைகள் படித்துவிட்டால், முதல் பாடமான குறைப்பது காணாமல் போகிறது. ஒரு பிள்ளைக்கு எத்தனை பேனா ஸ்டாண்டு வேண்டும்?

திரும்பக் கொடுத்தால் காசு என்பது நம் தொழிலின் பழைய பாடம். கலர், சோடா வாங்கினால் பாட்டிலுக்கு முன்பணம் வைத்து, காலி வந்ததும் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பாட்டிலை எந்தத் தெருவிலும் யாரும் எறிந்ததில்லை. 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு ரூ. 10 திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதும் காட்டோரம் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பள்ளியில் சொல்லத்தக்க உதாரணமல்ல, நமக்குள் இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சோடா பாட்டில் போதும்.

அந்தக் காலத்துப் பொட்டலத்துக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். முழுவதும் சரியல்ல. செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கூடாது. அச்சு மையிலுள்ள இரசாயனம் எண்ணெயில் இறங்கும். வடையும் பஜ்ஜியும் செய்தித்தாளில் கொடுக்கும் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும். அச்சில்லாத தாள், மந்தாரை இலை, வாழை இலை இவற்றுக்குத் தடையில்லை. பருப்பு, உளுந்து, சீரகத்துக்கு வாடிக்கையாளரே டப்பாவோ துணிப்பையோ கொண்டுவந்தால், வெறும் டப்பாவை முதலில் தராசில் வைத்து எடை கழித்துக் காட்டிவிட்டு அளந்து போட வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால்தான் 'டப்பா எடையையும் சேர்த்துவிட்டார்' என்ற பேச்சு வந்து, டப்பா கொண்டுவந்தவர்கள் நின்றுவிட்டார்கள். டப்பாவோடு வரும் பிள்ளைகளிடம் இதைச் செய்து காட்டினால் கழித்தல் கணக்கும் சேர்ந்து வரும்.

பள்ளி வாசலில் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2020-இல் வந்து 1-7-2021 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது. வாசலோரக் கடைகளில் அதிகம் போவது எந்தச் சரக்கு, அதிகம் சேரும் குப்பை எது என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஐந்து ரூபாய்ப் பாக்கெட் குறைந்தால் வியாபாரம் என்னாவது என்ற பயம் நியாயமானதே. ஆனால் பாக்கெட்டில் நமக்குக் கிடைப்பது கம்பெனி வைத்த கமிஷன். பொரிகடலை, வேர்க்கடலை, அவித்த சுண்டல் என்று சில்லறையாக விற்றால் கொள்முதலும் விலையும் நம் கையில். மூடியுள்ள கண்ணாடி ஜாடி, எடுக்க ஒரு கரண்டி, சுத்தம் இவை இருந்தால் போதும்.

சென்ற வாரம் அந்தச் சிறுமியின் ஆசிரியை கடைக்கு வந்தார். விலை போகும் குப்பை, விலை போகாத குப்பை என்று வகுப்பில் காட்ட மாதிரிகள் கிடைக்குமா என்று கேட்டார். காய்ந்த அட்டை ஒன்று, நனைந்த அட்டை ஒன்று, அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்ட எண்ணெய் பாட்டில், கழுவிய பால் கவர், கழுவாத பால் கவர், சிப்ஸ் கவர், சாஷே சரம், கிழியாத சாக்கு எல்லாம் கட்டி வைத்திருக்கிறோம். பழைய இரும்புக் கடைக்காரரிடம் அன்றைய விலையையும் கேட்டு ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியாகிவிட்டது. சிப்ஸ் கவரில் ஒட்டிய சீட்டில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியட், தராசையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.